கொலாப்ஸ் செக் பாஸ், ஆனால் சுமையை மாற்றி மாற்றி ஏற்றினால் பீம் தொய்ந்துகொண்டே போகிறது

கேள்வி:
இரண்டு ஸ்பான் தொடர் பீம், ஒவ்வொன்றும் 6 மீட்டர். ஸ்பான் நடுவில் தலா ஒரு புள்ளிச் சுமை, ஃபேக்டர் பெருக்கியபின் 200 கிலோநியூட்டன். இரண்டும் தனித்தனியாக வந்து போகும். எடை குறைவான செக்‌ஷன் தேடியதில் ஐஎஸ்எம்பி 350 (350 மி.மீ. ஆழமுள்ள இந்திய ஸ்டாண்டர்ட் ஐ-வடிவ பீம்) கிடைத்தது. 250 எம்பிஏ எஃகு, அந்த வலிமையை 1.1 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்தால் பிளாஸ்டிக் மொமென்ட் (வெட்டு முழுதும் யீல்ட் ஆகும் மொமென்ட்) 202 கி.நி.மீ. கொலாப்ஸ் செக்கில் தேவை சுமை × நீளம் ÷ 6, அதாவது 200×6÷6 = 200. ஆனால் எஃப்இ (ஃபைனைட் எலிமென்ட்) மாடலில் (ஹார்டனிங், அதாவது யீல்டுக்குப் பின் வலிமை கூடுவது, இல்லை; அதே குறைத்த வலிமை) முதல் ஸ்பான், இரண்டும், இரண்டாம் ஸ்பான், காலி என்று சுற்றினால் தொய்வு சுற்றுக்குச் சுற்று கூடுகிறது. இரண்டையும் சேர்த்தே ஏற்றி இறக்கினால் நின்றுவிடுகிறது. மெஷ் தப்பா?

பதில் 1:
மெஷ் சரிதான், நீங்கள் வைத்த நிபந்தனைதான் போதாது. கொலாப்ஸ் எல்லை ஒரே ஒரு ஏற்றத்துக்கானது. சுமை தனித்தனியாக மாறினால் ஷேக்டவுன் எல்லையை, அதாவது சில சுற்றுகளுக்குப் பின் நிரந்தர மடக்கம் கூடாமல் நின்றுவிடும் உச்சச் சுமையைப் பார்க்க வேண்டும்.

எலாஸ்டிக் மொமென்டை எடுங்கள். ஒரு ஸ்பானில் மட்டும் சுமை இருக்கும்போது அதன் நடுவில் 13/64 × சுமை × நீளம் = 243.75. இரண்டிலும் இருக்கும்போது நடுத் தாங்கியில் 3/16 பங்கு = 225. இந்த இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதல் நிலையில் நடுப்பகுதி கொஞ்சம் மடங்கும், அடுத்ததில் தாங்கி கொஞ்சம் மடங்கும். சுற்று முடியும்போது முழு மெக்கானிசமும் (இந்தக் கீல்களில் பீம் மடங்கிச் சரியும் வடிவம்) ஒரு படி நகர்ந்திருக்கும்.

அந்த வடிவத்தில் ஸ்பான் நடுக் கீல் தாங்கிக் கீலைப்போல் இருமடங்கு திரும்பும், ஆகவே (2×243.75 + 225) ÷ 3 = 237.5 கி.நி.மீ. தேவை. அதாவது பிளாஸ்டிக் மாடுலஸ் (பிளாஸ்டிக் மொமென்ட் ÷ எஃகின் வலிமை) 1045 செ.மீ³, 350-இல் இருப்பது 890தான். உங்கள் பீம் சுமார் 170 கிலோநியூட்டனுக்கு மேல் நகரத் தொடங்கும். ஐஎஸ்எம்பி 400 (1176) போதும், மீட்டருக்கு 9 கிலோ கூடுதல். ஒரே இடம் இரு திசையிலும் மாறி மாறி யீல்ட் ஆகும் ஆபத்து இங்கே இல்லை: நடுப்பகுதியில் மொமென்ட் வீச்சு 300, 400-இன் யீல்ட் மொமென்டின் இருமடங்கு 465.

கேட்டவர்:
நன்றி சார். 350-ஐயே வைத்து, நடுத் தாங்கி இருக்கும் இடத்தில் மட்டும் கவர் பிளேட் (பீமை வலுப்படுத்த ஃபிளான்ஜில் ஒட்டும் தகடு) வெல்டு செய்தால்?

பதில் 2:
அங்கேதான் பலர் சறுக்குவார்கள். கொலாப்ஸ் கணக்கில் விறைப்புக்கு வேலையே இல்லை, ஷேக்டவுனில் உண்டு. மேலே வந்த கூட்டுத்தொகை 712.5 என்பது 600-உடன் (கொலாப்ஸ் கணக்கின் 3×200), ஒற்றை ஸ்பான் சுமையால் தாங்கியில் வரும் மொமென்ட் 112.5-ஐக் கூட்டியது. தாங்கியை விறைப்பாக்கினால் அந்த 112.5 ஏறும், தேவையும் கூடவே ஏறும். ஸ்பான் நடுவில் ஒட்டினால் அது இறங்கும். போதாததற்கு ஸ்பான் நடுவில் கூட்டிய வலிமை சமன்பாட்டில் இரட்டிப்பாகவும் சேரும். பிளேட்டின் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் எலாஸ்டிக் பகுப்பாய்வைத் திரும்ப ஓட்டுங்கள். பிளேட் முடியும் இடத்திலும் செக் வேண்டும், கீல் அங்கே தாவிவிடும்.

பதில் 1:
செக்‌ஷன் தேடும் ஆப்டிமைசரில் எஞ்சிய மொமென்டையும் (சுமை நீங்கிய பின்னும் பீமில் தங்கும் மொமென்ட்) ஒரு மாறியாகச் சேருங்கள்; ஒவ்வொரு வெட்டிலும் எலாஸ்டிக் உச்சம், நீசம் இரண்டோடும் அதைக் கூட்டி பிளாஸ்டிக் மொமென்டுக்குள் வைத்தால் போதும், ஷேக்டவுனுக்கான மெலான் தேற்றம் அவ்வளவுதான். தாங்கி இறங்கினாலும் ஷேக்டவுன் எல்லை மாறாது. ஒன்று மட்டும்: மாடலில் எல்லையில்லாத லீனியர் கைனமேட்டிக் ஹார்டனிங் (யீல்ட் எல்லை மடங்கும் திசையிலேயே நகர்ந்துகொண்டு போவது) போட்டுவிடாதீர்கள். நகர்வு தானாக நின்றுவிடும், 350-உம் பாஸ் போலத் தெரியும்.