மறு: கியர் மாற்றும்போது எழும் சத்தத்துக்குச் சொல்: ‘பல்லரைவு’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய பிக்கப் வண்டிகளின் கியர் பாக்ஸ் கையேட்டுக்காக, கியர் மாற்றும்போது எழும் கர்ர் சத்தத்தைக் குறிக்க ‘பல்லரைவு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சொல் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பவர் கழற்றத் தேவையில்லாத உறுப்பைக் கழற்றிவிடுவார் என்பதால் எதிர்க்கிறேன்.

அந்தச் சத்தத்தில் மோதுவது கியரின் பெரிய பற்கள் அல்ல. முன்னோக்கிய கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுழல்கின்றன. லீவரைத் தள்ளும்போது நகர்வது ஸ்லீவ் (கியரை ஷாஃப்ட்டோடு பூட்டும் வளையம்). அது சிங்க்ரோ ரிங்கைக் கடந்து, கியரின் பக்கத்தில் இருக்கும் குட்டைப் பற்களைக் கவ்வ வேண்டும். ரிங்கின் கூம்பு முகம் கியரின் கூம்பில் உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்கும். அதுவரை ஸ்லீவை முன்னேற விடாது. கூம்பு தேய்ந்த ரிங்கால் அப்படித் தடுக்க முடியாது. வேகம் ஒத்துவருவதற்குள் ஸ்லீவின் பல் முனையும் குட்டைப் பல் முனையும் இடித்துக்கொள்கின்றன. ‘அரைவு’ என்றதும் கியர் செய்யும் பட்டறையில் பல்லைச் சாணை பிடிப்பதுதான் நினைவுக்கு வரும் என்பது இன்னொரு சிக்கல்.

குட்டைப் பல்லுக்கு ‘கவ்வுபல்’, சத்தத்துக்கு ‘கவ்வுபல் மோதல்’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

——

> சத்தத்துக்கு ‘கவ்வுபல் மோதல்’

ஐயா, ‘கவ்வுபல்’ அருமைங்க, அப்படியே எடுத்துக்கலாம். ‘மோதல்’ பற்றி இரண்டு விஷயம் சொல்லணும்.

முதலாவது ரிவர்ஸ். பல பழைய கியர் பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. ஐட்லர் கியரே (சுழலும் திசையை மாற்றும் இடைக் கியர்) நகர்ந்து போய்ப் பல்லில் கோக்கும். அங்கே மோதுவது நிஜமாகவே கியர் பல்தான். அதுக்கு ‘பல்மோதல்’னு தனியா ஒரு சொல் வேணும்.

இரண்டாவது, காரணம் ரிங்காகத்தான் இருக்கணும்னு சொல் சொல்லிவிடக் கூடாதுங்க. கிளட்ச் முழுசா பிடியை விடாவிட்டாலும் இதே சத்தம் வரும். பெட்டியை இறக்கும் முன்னாடி ஒரு சோதனை போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, பத்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடணும். கிளட்ச் சரியா பிடியை விட்டிருந்தா அதுக்குள்ள உள் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டு) நின்றிருக்கும், சத்தமில்லாம விழும். அப்பவும் கர்ர்ருனு இடிச்சா பெடல் விளையாட்டு (பெடலின் வெற்று அசைவு), பெடல் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கிளட்சுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் கசிவு, லைனில் காற்று, கோணிய கிளட்ச் பிளேட், இறுகிப்போன பைலட் பேரிங் (உள் ஷாஃப்ட்டின் முனையை இன்ஜின் பக்கத்தில் தாங்குவது) இவற்றைப் பார்க்கணும். ரிவர்ஸ் அமைதியா விழுந்து, ஒரே ஒரு கியர் மட்டும் இடிச்சா அந்தக் கியரின் ரிங். இந்தச் சோதனை செய்யாம பெட்டியை இறக்குவது வண்டிக்காரருக்கு வீண் செலவுங்க.

பட்டறையில் எல்லாத்தையும் ‘கரகர’ன்னுதான் சொல்றோம். பேரிங் சத்தமும் அதே பேர்தான். அதையும் பிரிச்சுக் கொடுத்தா நல்லது.

——

ரிவர்ஸைத் தனியே பிரித்தது மிக முக்கியம். ‘பல்மோதல்’ ரிவர்ஸுக்கு, ‘கவ்வுபல் மோதல்’ மற்றவற்றுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

‘கரகரப்பு’ பேரிங்குக்கு மட்டும் இருக்கட்டும். நியூட்ரலில் கிளட்ச் பெடலை மிதிக்காத நிலையில் கேட்டு, மிதித்ததும் நின்றால், உள் ஷாஃப்ட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (பெட்டிக்குள் இணையாக ஓடும் துணைத் தண்டு) பேரிங். லேசாக மிதித்ததும் தொடங்கினால் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிப்பது). கியரில் போட்டு முழுக்க மிதித்து நிற்கும்போது மட்டும் கேட்டால் பைலட் பேரிங்.

பல்லின் முகம் தேய்ந்து எழும் நீண்ட ஊளைக்கு நம் ஏற்காடு மலைப்பாதையே சொல் தருகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது பாரம் பல்லின் ஒரு முகத்தில் விழுகிறது. காபி மூட்டையோடு இரண்டாம் கியரில் இறங்கும்போது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பாரம் மறு முகத்துக்கு மாறுகிறது. ஆகவே ‘ஏறுமுனகல்’, ‘இறங்குமுனகல்’. சமவெளியில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் இதே வேறுபாடு தெரியும். மலையில் அதுவே நீண்ட நேரம் கேட்பதால் எளிதில் பிடிபடும்.

நாலாவது கியர் நேரடி கியராக (இன்ஜின் சுழற்சி மாறாமல் அப்படியே வெளியேறுவது) உள்ள பெட்டிகளில், மற்ற கியர்களில் முனகிவிட்டு நாலாவதில் அடங்கினால் பழுது லே ஷாஃப்ட் பக்கம், ஏனென்றால் நேரடி கியரில் அதன் மேல் பாரமில்லை. ஒரே வேகத்தில் கியரை மாற்றியும் முனகலின் சுருதி மாறாவிட்டால் அது பெட்டியிலிருந்து வரவில்லை. பின் அச்சிலுள்ள கிரவுன் கியரைப் பார்க்க வேண்டும்.

——

எண்ணெய் பற்றி ஒரு பத்தி சேர்க்கணும்ங்க. கிரவுனுக்கு ஊற்றும் ஜி.எல்.5 தர கியர் எண்ணெயையே பெட்டிக்கும் ஊற்றுகிறார்கள். அதிலுள்ள கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும். ரிங் வழுக்கலாகிப் பிடிமானமும் குறையும். கம்பெனி கையேடு ஜி.எல்.4 சொன்னால் அதையே ஊற்றணும். அளவு பார்ப்பது சமதளத்தில் மட்டும். ஏற்காட்டுச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் தப்பாகத்தான் காட்டும். நிரப்புத் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நிற்கணும்.

பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்க. பொன்னிறப் பொடி மின்னினால் ரிங் தேய்மானம். எண்ணெய் வடிக்கும் காந்த போல்ட்டில் மை மாதிரி ஒட்டுவது சாதாரணம், செதிலாக ஒட்டினால் பேரிங்கோ பல்லோ உடையுது. பொன்னிறப் பொடிக்கு ‘ரிங் பொடி’ன்னே இருக்கட்டுமா, இல்ல ‘வளையப்பொடி’யா? எனக்கு முதலாவதுதான் சரியாப் படுது. கடையில் போய் ‘வளையம்’னு கேட்டா பிஸ்டன் ரிங்கை எடுத்துக் கொடுத்துருவாங்க.