ஜிம்மியோடு பாரிசுக்கு: சிப் முதலில், ஊசி பிறகு

நாயையோ பூனையையோ வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் இதை வாசியுங்கள். எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் நாலு மாதம் மிஞ்சியிருக்கும்.

ஜிம்மி, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் மழைக்குள் கிடந்தபோது எடுத்த குட்டி. ஊர் நாய்தான், இப்போது ஆறு வயது. என் கணவர் பிரான்சில் இருக்கிறார். எனக்கும் மகளுக்கும் விசா சரிவரும் என்று தெரிந்ததும் மகள் முதலில் கேட்டது, “அப்ப ஜிம்மிக்கு?”

வருஷா வருஷம் விசர்நாய்க்கடி ஊசி போட்டிருந்தோம், கார்டும் கையில் இருந்தது. பாதி வேலை முடிந்ததென்று நம்பிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். அவர் கார்டைப் பார்த்துவிட்டு, “சிப் இல்லையே அக்கா, இது கணக்கில் வராது” என்றார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்திய பிறகு போட்ட ஊசிதான் செல்லும். சிப் இல்லாவிட்டால் அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்று எப்படி நிரூபிப்பது? யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அன்று அழுகை வந்துவிட்டது.

அன்றே சிப் போட்டு, உடனே ஊசியும் போட்டோம். ஒரே நாளில் செய்யலாம், சிப் முந்த வேண்டும், அவ்வளவுதான். வைத்தியர் ஸ்கேனரைக் கழுத்தடியில் பிடிக்க அது ‘பீப்’ என்றது. 15 இலக்கங்களையும் அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். இதை வெட்கப்படாமல் நீங்களும் செய்யுங்கள். ஒரு இலக்கம் பிழைத்தால் எல்லாத் தாளும் பிழைத்துவிடும்.

பிறகு, ஊசி வேலை செய்ததா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பின்தான் இரத்தம் எடுக்கலாம். ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடத்தில் பார்க்கும்போது எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஜிம்மியின் இரத்த மாதிரி வெளிநாட்டுக்குத்தான் போனது. விசர்நாய்க்கடி ஆபத்துக் குறைந்த நாடுகள் என்று ஒன்றியம் வைத்திருக்கும் பட்டியலில் இலங்கை இல்லாததால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்கவும் வேண்டும். ஆறுதலான விஷயமும் ஒன்று உண்டு. அடுத்த ஊசிகளைத் தவணை தவறாமல் போட்டுவந்தால் அந்த முடிவு ஆயுளுக்கும் செல்லும்.

அந்த 3 மாதமும் எனக்கு, விமானத்தில் ஜிம்மியை வைத்து அனுப்பும் கூட்டோடுதான் போனது. தாள்களைவிட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். கூட்டைக் கடைசிக் கிழமையில் வாங்காதீர்கள். உள்ளே அவன் தலை முட்டாமல் நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். முதல் நாள் ஜிம்மி அதை மணந்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டான். கதவைக் கழற்றி வைத்தேன். அப்பாவின் பழைய சாரத்தை உள்ளே விரித்து, இரவுச் சாப்பாட்டை அதற்குள்ளேயே வைத்தேன். முதலில் கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிட்டான், பின்னங்கால் இரண்டும் வெளியேதான். மூன்றாம் கிழமை ஒரு மத்தியானம், கடற்கரைப் பக்கம் ரயில் கூவிக்கொண்டு போகிறது, இவன் அதற்குள் குறட்டை விடுகிறான். அதன் பிறகுதான் கதவைப் பூட்டினேன், ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று.

கடைசியில் சுகாதாரச் சான்றிதழ். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்கள வைத்தியரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் போய் இறங்க வேண்டும். முத்திரையும் கையெழுத்தும் அச்சின் நிறத்தில் இருக்கக் கூடாது. கறுப்பு அச்சு என்பதால் நான் நீலப் பேனாவோடு போனேன்.

கட்டுநாயக்கவில் கூட்டைத் தள்ளிக்கொண்டு போகும்போது மகள் சாரத்தின் நுனியைப் பிடித்தபடியே நடந்தாள். பாரிசில் சிப்பை ஸ்கேன் செய்து தாளோடு ஒப்பிட்டார்கள், விட்டுவிட்டார்கள்.

தெஹிவளையிலிருந்து ஒருவர் எழுதியது:

நாங்கள் லண்டனுக்குக் கொண்டுபோனோம். சிப், ஊசி, இரத்தம், 3 மாதம் எல்லாம் அங்கேயும் அப்படியேதான். ஆனால் நாய் என்றால் நாடாப்புழு மருந்தும் வைத்தியரே கொடுத்துப் பதிய வேண்டும், போய் இறங்குவதற்கு 24 முதல் 120 மணித்தியாலத்துக்கு முன். பயணப்பொதியாகக் கொண்டுபோக முடியாது, கார்கோவில்தான் அனுப்ப வேண்டும். நித்திரை மருந்து மட்டும் கொடுக்காதீர்கள், உயரத்தில் மூச்சுக்கு ஆபத்து. தண்ணீர்க் கிண்ணத்தை முதல்நாள் இரவே உறைய வைத்துக் கூட்டில் மாட்டினோம். ஏற்றும்போது சிந்தவில்லை, மெல்ல மெல்ல உருகியது.

பம்பலப்பிட்டியிலிருந்து இன்னொருவர் எழுதியது:

எங்கள் பூனைக்கு 14 வயது, சிறுநீரகமும் சரியில்லை. எல்லாத் தாளும் செய்திருக்கலாம். வைத்தியரோடு இரண்டு தரம் கதைத்துவிட்டு, கூட்டிப்போவதில்லை என்று முடிவெடுத்தோம். கீழ்வீட்டு மாமியிடம் விட்டோம். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரவில் அங்கேதான் படுக்க வைத்தோம், பழகட்டும் என்று. இப்போது மாமியின் குசினியில் அரிசி வாளிக்கு மேல்தான் அதன் இடம். மாமி கிழமைக்கொரு தரம் நிறுத்து எடையை அனுப்புகிறா.