கேப்பிட்டோனேவுக்கு 'பொத்தான் மெத்தை' வேணாமே, 'இழுகுழி'ன்னு வச்சுக்கலாமா?

அண்ணா, வணக்கம்.

இத்தாலிய சோபா கட்டுரையில கேப்பிட்டோனேவுக்கு, அதான் மெத்தைய இடத்துக்கு இடம் உள்ள இழுத்து குழி விழ வைக்கிற வேலைக்கு, நீங்க 'பொத்தான் மெத்தை'ன்னு போட்டிருந்தத பார்த்தேன். படிச்ச உடனே புரியுது, அது பெரிய விஷயம்தான், ஆனா மனசு ஒப்பல, பொத்தான் கடைசியில வந்து உக்கார்ற மூடி, உண்மையான வேலை இழுக்கிறதுலதான் இருக்கு.

போல்த்ரோனா ஃபிராவ்ங்கிற இத்தாலிய கம்பெனிக்காரங்களோட செஸ்டர் சோபாவ எடுத்துக்குங்க, 1912ல வந்த மாடல். உள்ள குதிரைமுடி அடைப்பு. முடி ஒரே இடத்துல நிக்காது, ஆள் உக்கார உக்கார ஒதுங்கிடும், அதனால தோல கையாலயே மடிச்சு மடிச்சு ஒவ்வொரு இடமா உள்ள இழுத்துக் கட்டுறாங்க, இழுத்த இடம் குழி, சுத்தி டைமண்ட் மாதிரி மடிப்பு.

நம்ம இலவம்பஞ்சு மெத்தையும் இதே சங்கதிதான? சின்ன வயசுல எங்க திண்ணையில மெத்தை தைக்க வந்தவர் நீள ஊசிய மேலேர்ந்து குத்தி அடியில வாங்கி, திரும்ப மேல கொண்டுவந்து, முழங்கால்ல மெத்தைய அமுக்கிக்கிட்டு நூல ஒரு சுண்டு சுண்டி முடிச்சு போடுவார், அந்த இடம் மட்டும் தொப்புள் மாதிரி உள்ள போயிடும். பொத்தானே கிடையாது!

அதனால முதல்ல 'குழித்தையல்'னு எழுதி வச்சேன். அத கெடுத்தது கமலேயோண்டாங்கிற இன்னொரு இத்தாலிய சோபா. 1970ல மாரியோ பெல்லினி வடிவமைச்சது, 2020ல பி அண்ட் பி இத்தாலியா கம்பெனி மறுபடி கொண்டுவந்தாங்க. 90 சென்டிமீட்டர் சதுர சீட்டுகள், முதுகு, கைப்பிடி எல்லாத்தையும் வடம், கொக்கி, வளையம் வச்சு கழட்டி மாட்டிக்கலாம். உள்ள இருக்கிறது ஃபோம், அது ஒதுங்கவே ஒதுங்காது, இழுத்துக் கட்டணும்னு கட்டாயமே இல்ல, இருந்தும் பழைய குழிய அவர் விடல, நூலுக்குப் பதிலா வடத்தால இழுத்து மெத்தைய உப்ப வச்சார். அந்தப் பேரே அவர் ஆக்கின சொல்தான், பச்சோந்திக்கும் அலைக்கும் உள்ள இத்தாலிய சொற்கள ஒட்டி வச்சிருக்கார், எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லாக்கம் அது.

ஆக தையலும் போச்சு, பொத்தானும் போச்சு, செஸ்டர்லயும் கமலேயோண்டாவுலயும் திண்ணை மெத்தையிலயும் மிச்சம் நிக்கிறது இழுப்பும் குழியும்தான். 'இழுகுழி'. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, நேத்து இழுத்ததுக்கும் நாளைக்கு இழுக்கப் போறதுக்கும் பொருந்தும். 'கையால இழுகுழி போட்ட தோல் சோபா', 'இழுகுழி முதுகு'ன்னு எழுதிப் பார்த்தேன், வாய்ல தடங்கல் இல்லாம வருது.

'இழுகுழிச் சோபா'ன்னு ஒற்று போடணுமான்னு மட்டும் சொல்லுங்கண்ணா, எனக்கு ஒற்று இல்லாம எழுதத்தான் தோணுது.