நியூஜீன்ஸின் ‘பபிள் கம்’: சோப்புக் குமிழிகளும் கேம்கார்டர் நிறமும்

கேள்வி:
தென்கொரியப் பெண்கள் இசைக்குழுவான நியூஜீன்ஸின் பாடலுக்கு 2024 ஏப்ரலில் வெளிவந்த ‘பபிள் கம்’ இசைக் காணொளியில் சோப்புக் குமிழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நீர்க்குமிழி என்றாலே நிலையாமைதான் நம் நினைவுக்கு வரும்; ஆகவே அது எனக்கு விளங்குகிறது. கோடைக் கொண்டாட்டத்துக்கு, வீட்டில் வைத்திருக்கும் பழைய கேம்கார்டரில் (கையடக்க வீடியோ கேமராவில்) எடுத்தது போன்ற மங்கிய நிறத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. மற்றொரு தென்கொரியக் குழுவான ரெட் வெல்வெட்டின் ‘ரெட் ஃப்ளேவர்’ காணொளி போன்ற பளிச்சென்ற வண்ணங்கள் அல்லவா பொருத்தம்?

பதில் 1:
2017 ஜூலையில் வந்த ‘ரெட் ஃப்ளேவர்’ முழுக்க முழுக்க நிகழ்காலத்தில் நடப்பது. அதில் பழங்கள் ஆளை மிஞ்சும் அளவில் நிற்கின்றன. அடர்ந்த வண்ணங்கள் கண்ணுக்கே சுவையை ஊட்டிவிடுகின்றன. கேம்கார்டர் படத்திலோ, வெயில் பட்ட இடங்கள் வெளுத்து, விளிம்புகள் கரைந்துவிடுவதால், இப்போது நடக்கும் விளையாட்டும் என்றோ முடிந்துபோன விடுமுறையாகத் தோன்றுகிறது. குமிழியைவிட இந்த நிறமே நிலையாமையை ஆழமாகச் சொல்கிறது என்பது என் கருத்து. எண்பதுகளின் ஜப்பானிய சிட்டி பாப்பை (நகர வாழ்வின் மனநிலையைப் பாடும் மென்மையான பாப் இசையை) நினைவூட்டும் இசையும் இதற்குத் துணை நிற்கிறது.

பதில் 2:
நியூஜீன்ஸின் ‘டிட்டோ’ பாடல் காணொளியையும் (2022 டிசம்பர்) சேர்த்துப் பார்க்க வேண்டும். கையில் கட்டுப் போட்ட பான் ஹீ-சூ என்னும் மாணவி, தோழியராக வரும் குழுவின் ஐவரையும் கேம்கார்டரில் படம்பிடித்து, பின்னாளில் அந்த நாடாக்களைப் போட்டுப் பார்க்கிறாள். அவளை ரசிகர்களின் உருவகமாகவே பலரும் கொண்டார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மங்கிய படம் இனி ஒருவர் அன்போடு எடுத்துப் பத்திரப்படுத்திய பதிவாகத்தான் தெரியும். ‘பபிள் கம்’மில் அவளைப் போன்ற தனிப் பாத்திரம் இல்லாததால், அந்த இடத்தில் நாமே அமர்ந்துவிடுகிறோம். அக்காணொளியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

பதில் 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும், இப்பாடல் ஜப்பானில் ஒரு ஷாம்பு விளம்பரத்துக்கும் பயன்பட்டது என்பதை விட்டுவிடக் கூடாது. நுரைக்கும் கூந்தலுக்கும் அங்கே வணிகக் காரணமும் உண்டு. அவை எல்லாவற்றையும் தத்துவமாக்குவது மிகை. நிறத்தைப் பற்றிய வாசிப்பு இதனால் பாதிக்கப்படுவதில்லை, ஏனெனில் ஷாம்பு விற்பதற்கு மங்கிய படம் தேவையே இல்லை.