ஜப்பான் சீரிஸ்: லீக்ல மூணாவது வந்த டீம் எப்படி சாம்பியன் ஆச்சு?

இடதுகை_பிட்சர்:
ஜப்பான் பேஸ்பால்ல சென்ட்ரல், பசிபிக்னு இருக்கிற ரெண்டு லீக்லயும் முதலிடம் வந்த டீம்கள்தான் ஃபைனலான ஜப்பான் சீரிஸ்ல மோதும்னு நினைச்சிட்டிருந்தேன். ஆனா 2024 சாம்பியன் யோகோஹாமா டிஎன்ஏ பேஸ்டார்ஸ். சென்ட்ரல் லீக்ல 71 வெற்றி, 69 தோல்வி, 3 டிரா, மூணாம் இடம். முதலிடம் யோமியுரி ஜயன்ட்ஸ், நடுவுல 8 கேம் வித்தியாசம். இது எப்படி? அதே மாதிரி 2022 சீரிஸ்ல ரெண்டாவது மேட்ச் 3-3 டிரான்னு முடிச்சுட்டாங்க. சில மேட்ச்ல பந்து வீசற பிட்சரே பேட்டிங் பண்றார், சிலதுல அவருக்குப் பதிலா பேட்டிங் மட்டும் பண்ற டிஹெச் வர்றார். அமெரிக்க வேர்ல்ட் சீரிஸ் மட்டுமே பார்த்துப் பழகினவனுக்கு ஒண்ணும் பிடிபடல.

மூணாம்பேஸ்:
நடுவுல கிளைமேக்ஸ் சீரிஸ்னு ஒண்ணு இருக்குங்க. 1950-ல ஜப்பான் சீரிஸ் ஆரம்பிச்சப்போ லீக்ல முதலிடம் வந்தா நேரா ஃபைனல்தான். பசிபிக் லீக் 2004-ல பிளேஆஃப் கொண்டு வந்தது, 2007-லேர்ந்து ரெண்டு லீக்லயும் கிளைமேக்ஸ் சீரிஸ்.

முதல் சுற்றுல ரெண்டாவது டீமும் மூணாவது டீமும் மோதும். மூணு மேட்ச், எல்லாமே ரெண்டாவது டீமோட மைதானத்துல. அதுல ஜெயிச்சவங்க லீக் சாம்பியனோட ஃபைனல் சுற்று ஆடணும். 2025 சீசன் விதிப்படி அங்க சாம்பியன் 1-0ன்னு முன்னிலையோடவே ஆரம்பிக்கும், மேட்ச் ஒண்ணுகூட வெளியூர்ல கிடையாது. அதிகபட்சம் ஆறு மேட்ச், அந்த இலவச வெற்றியையும் சேர்த்து நாலு எடுத்தா போதும். சமமா முடிஞ்சா மேல் இடத்துல இருக்கிற டீமுக்குத்தான் வாய்ப்பு.

இந்தக் கடைசி விதியோட பலத்தை 2021-ல பார்க்கலாம். பசிபிக் லீக் சாம்பியன் ஒரிக்ஸ், லொட்டேவோட ஆடின ஃபைனல் சுற்று மூணாவது மேட்ச், ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ் கீழ்ப்பாதி, ஒரிக்ஸ் பேட்டிங். ஸ்கோர் 3-3 ஆன அந்த நொடியே ஆட்டத்தை முடிச்சுட்டாங்க. ஒரிக்ஸுக்கு டிராவே போதும்கிறதால ஜெயிக்கிற ரன் தேவைப்படல.

2024-ல டிஎன்ஏ முதல்ல ரெண்டாவது டீம் ஹான்ஷினை 2-0ன்னு தட்டிட்டு, டோக்கியோ டோம்ல ஜயன்ட்ஸை 4-3ன்னு தாண்டினாங்க. அந்த 3-ல ஒண்ணு இலவச வெற்றி. சென்ட்ரல் லீக் பட்டம் மட்டும் ஜயன்ட்ஸ்கிட்டயே இருக்கு, அதை யாரும் பறிக்க முடியாது. இந்த முறை அநியாயம்னு சொல்றவங்க நிறைய, நான் அந்தக் கட்சி இல்ல. 2025 வரைக்கும் மூணாவது இடத்துலேர்ந்து வந்து ஜப்பான் சீரிஸ் ஜெயிச்சது 2010 லொட்டேவும் 2024 டிஎன்ஏவும் மட்டும்தான்.

புல்பென்_கணக்கு:
இதோட பிட்சர் கணக்கையும் பாருங்க. ஜப்பான்ல ஸ்டார்ட்டர், அதாவது மேட்ச்சை ஆரம்பிக்கிற பிட்சர், வாரத்துக்கு ஒரு தடவைதான் இறங்குவார். சீரிஸ் அட்டவணையும் அதுக்கு அப்படியே பொருந்தும்: சனி, ஞாயிறு ரெண்டு மேட்ச், திங்கள் பயணம், செவ்வாய் முதல் வியாழன் வரை மூணு, வெள்ளி பயணம், மறுபடி சனி, ஞாயிறு. முதல் மேட்ச் போட்டவர் சரியா ஏழாம் நாள் ஆறாவது மேட்ச்சுக்கு வந்துடுவார். அதனால அஞ்சு ஸ்டார்ட்டர் இருந்தா யாரையும் அவசரப்படுத்த வேண்டியதில்ல.

இந்தக் கணக்கை மீறினா லாபமா நஷ்டமாங்கிறதுலதான் சுவாரசியம். 2024 ஜப்பான் சீரிஸ்ல முதல் ரெண்டு மேட்ச்சும் பசிபிக் டீம் சாஃப்ட்பேங்க் பக்கம் போச்சு. டிஎன்ஏ அக்டோபர் 26-ல போட்ட ஜாக்சனை 31-ஆம் தேதி அஞ்சாவது மேட்ச்சுக்கே இறக்கிடுச்சு. நாலே நாள் ஓய்வு. 7 இன்னிங்ஸ் ரன்னே விடல, 7-0. அப்புறம் நவம்பர் 2-ல மழை. யோகோஹாமா திறந்த மைதானம், ஆறாவது மேட்ச் ஒரு நாள் தள்ளிப்போச்சு. ரெண்டாவது மேட்ச் போட்ட ஓனுகிக்கு அதனால வழக்கமான முழு வாரமும் கிடைச்சிடுச்சு. 11-2ன்னு முடிச்சாங்க.

மைதான வரிசை எப்பவும் 2-3-2: ரெண்டு மேட்ச் ஒரு டீமோட ஊர்ல, மூணு எதிர் டீமோட ஊர்ல, கடைசி ரெண்டு மறுபடி முதல் ஊர்ல. வேர்ல்ட் சீரிஸ் மாதிரி சீசன் ரெக்கார்டு பார்க்கிறதில்ல. இரட்டைப்படை வருஷம் சென்ட்ரல், ஒற்றைப்படை வருஷம் பசிபிக் மைதானத்துல தொடங்கும்.

ஒன்பதாவது_பேட்டர்:
டிஹெச் விஷயம் மைதானத்தைப் பொறுத்தது. பசிபிக் லீக் 1975-லயே டிஹெச் கொண்டு வந்துடுச்சு, சென்ட்ரல் ஏத்துக்கல. 1987-லேர்ந்து, 2020 தவிர, ஜப்பான் சீரிஸ்ல பசிபிக் மைதானத்துல டிஹெச் உண்டு, சென்ட்ரல் மைதானத்துல பிட்சரே பேட் பிடிக்கணும். சென்ட்ரல் லீக்கும் 2027-ல டிஹெச்சுக்கு மாறப்போறதா அறிவிச்சுட்டாங்க.

பசிபிக் டீம் இதுல எங்க மாட்டும்னா, டிஹெச்சா ஆடற ஹிட்டரை உட்கார வைக்கணும், இல்ல ஃபர்ஸ்ட் பேஸ்லயோ லெஃப்ட் ஃபீல்டுலயோ நிறுத்திட்டு, பந்து அந்தப் பக்கம் போகக்கூடாதேன்னு வேண்டிக்கணும். இன்னொரு தலைவலி அஞ்சாவது, ஆறாவது இன்னிங்ஸ்ல. ரன்னர் ரெண்டு பேர் நிக்கிறப்போ பிட்சரோட முறை வந்தா, நல்லா போட்டுக்கிட்டிருக்கிறவரை எடுக்கிறதா வேணாமான்னு மேனேஜர் அப்பவே முடிவெடுத்தாகணும். எடுத்தா புல்பென்ல காத்திருக்கிற மாற்று பிட்சர்கள் சீக்கிரம் தீருவாங்க, பதிலுக்கு பேட் பிடிக்கிற பின்ச் ஹிட்டரும் ஒருத்தர் குறைவார்.

ஆனா எல்லாரும் நினைக்கிற அளவுக்கு இது ஒருதலைப்பட்சமில்ல. அதே 2024 முதல் மேட்ச், யோகோஹாமாவில. சாஃப்ட்பேங்க் பிட்சர் அரிஹாரா தானே அடிச்சு ரெண்டு ரன் கொண்டு வந்தார். 5-3ன்னு ஜெயிச்ச மேட்ச்ல அந்த ரெண்டு ரன் சும்மா இல்ல.

இடதுகை_பிட்சர்:
நன்றிங்க, இப்போ தெளிவாச்சு. டிரா வந்து ஏழு மேட்ச்லயும் யாருக்கும் நாலு வெற்றி வரலைன்னா?

மூணாம்பேஸ்:
எட்டாவது மேட்ச், ஏழாவது நடந்த அதே மைதானத்துல. ஏழாவது வரைக்கும் 12 இன்னிங்ஸ்தான், அதுக்குள்ள முடிவாகலைன்னா டிரா. முன்னாடி இது 15 ஆ இருந்தது, 2018-ல குறைச்சாங்க. குறைச்ச வருஷமே முதல் மேட்ச் 2-2 டிரா. எட்டாவதுலேர்ந்து வரம்பு கிடையாது.

2022-ல ஒரிக்ஸ் 3-2, ஒரு டிராவோட ஏழாவதுக்குள்ள போச்சு. யாகுல்ட் அதை ஜெயிச்சிருந்தா எட்டாவது நடந்திருக்கும். நிஜமாவே எட்டு மேட்ச் போனது 1986 மட்டும்தான். முதல் மேட்ச் 14 இன்னிங்ஸ் ஆடி 2-2, அடுத்த மூணும் ஹிரோஷிமாவுக்கு, அதுக்கப்புறம் நாலும் செய்புவுக்கு. அந்த வருஷம் எந்த மைதானத்துலயும் டிஹெச் இல்ல. அஞ்சாவது மேட்ச்ல 12-ஆவது இன்னிங்ஸ்ல ஜெயிக்கிற ரன்னை அடிச்சது செய்பு பிட்சர் குடோ. டிஹெச் பத்தி மேல எழுதினவர் இதை எப்படி விட்டார்னு தெரியல.