டிபி மாத்திரை தொடங்கிய பிறகு தம்பிக்கு மறுபடி குரல் கேட்கிறது

மலைக்காரி:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 34 வயது. இல்லாத குரல் கேட்பதற்காக ஒன்பது வருடமாக ரிஸ்பெரிடோன் என்ற மனநல மாத்திரை 4 மி.கி., ராத்திரி ஒரு வேளை. தோட்டத்தில் மிளகு பறிக்கிறான். சில்வர் ஓக்கில் ஏணி சாத்தி ஏறுவான், கூலியை எண்ணி என் கையில் கொடுப்பான். அவ்வளவு நன்றாக இருந்தவன். போன மாதம் சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. எடை 46 கிலோ, அதனால் தினமும் காலையில் மூன்று கூட்டு மாத்திரை (பல டிபி மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்தது). சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறது என்று முதல் வாரம் சிரித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம் தூக்கம் போனது. நேற்று அடுப்படிச் சன்னலைச் சாக்கு வைத்து அடைத்துவிட்டு, "வெளிய பேசறாங்கக்கா, உனக்குக் கேக்கலயா?" என்கிறான். ஒரு வேளைகூட விட்டதில்லை, அட்டையை நான்தான் எண்ணுகிறேன். மாத்திரை வாங்கும் இடத்தில் கேட்டால், "ஒண்ணைக் காலையில, ஒண்ணை ராத்திரி குடுங்க" என்கிறார்கள். அப்படித்தானே கொடுக்கிறேன்! டிபி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பழைய மருந்தாளுநர், செவ்வாய்ப்பேட்டை:
நிறுத்தாதீர்கள் அம்மா. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். சிறுநீரை ஆரஞ்சாக்குகிறதே ரிஃபாம்பிசின், சிக்கல் அதனால்தான் இருக்கும். அது கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடும். முழு வேகம் பிடிக்க இரண்டு வாரம்போல் ஆகும். உங்கள் மூன்றாவது வாரக் கணக்கு அதனோடு பொருந்துகிறது. ரத்தத்தில் ரிஸ்பெரிடோன் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். நொதி நாள் முழுக்க வேலை செய்யும்போது காலை, ராத்திரி என்று பிரித்து என்ன பயன்? ஹாலோபெரிடால், குவெடியாபின் போன்ற மற்ற மனநல மருந்துகளுக்கும் இதே கதிதான். கூட்டு மாத்திரையில் உள்ள ஐசோநியசிட்டே சிலருக்கு மனக்குழப்பம் தரும், அதைத் தடுக்கும் வைட்டமின் பி6 தருகிறார்களா என்று கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் நாளைக்கே போங்கள்.

நெசவுக்காரம்மா, அம்மாபேட்டை:
என் மகனுக்கும் இதேதான். டாக்டர் அளவைக் கூட்டினார், பத்து நாளில் தறியில் உட்கார்ந்தான். ஆனால் ஆறு மாதம் முடிந்து டிபி மாத்திரை நின்றதும், கூட்டினதைக் குறைக்க யாருக்கும் ஞாபகமில்லை. கை நடுக்கம், வாயில் எச்சில், கழுத்து விறைப்பு. நாடாவைப் பிடிக்க முடியவில்லை. கடைசி மாத்திரைத் தேதியை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள்.

பழைய மருந்தாளுநர், செவ்வாய்ப்பேட்டை:
அம்மா சொல்வது ரொம்ப முக்கியம். ரிஃபாம்பிசின் நின்ற இரண்டு வாரம்போல் நொதி பழைய நிலைக்கு வரும். அதற்கேற்றபடி அளவைப் படிப்படியாக இறக்கவேண்டும். அதையும் டாக்டர்தான் சொல்லணும். ராத்திரியில் முற்றினால் அரசு மனநல உதவி எண் 14416 டெலி மானஸுக்குப் பேசுங்கள்.

மலைக்காரி:
விடியற்காலை முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் என் கையை விடவில்லை அவன். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் டாக்டர், "இதை முன்னாடியே யாரும் சொல்லலியா?" என்றார். அளவைக் கூட்டியிருக்கிறார், பி6ம் எழுதியிருக்கிறார். டிபி மாத்திரை அப்படியே. பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். சாக்கு இன்னும் சன்னலில்தான் இருக்கிறது, நான் எடுக்கவில்லை.