துளையோரப் பட்டை யார் குற்றம்?

கொட்டாஞ்சேனை இருட்டறை:
“டெவலப்பரை வேகமாக ஆட்ட ஆட்டப் படச்சுருள் சீராகக் கழுவப்படும்” என்று நேற்று இங்கே ஒருவர் அருள்வாக்குச் சொல்லியிருந்தார். அதை நம்பி 16 மில்லிமீற்றர் சுருளொன்றைக் கெடுத்துக்கொண்டவன் எழுதுகிறேன். ஒரே தாளத்தில் விசையாக ஆட்டினால், படத்தைத் துலக்கும் கரைசலான டெவலப்பர், சுருளின் ஓரத்துத் துளைகளின் ஊடாகப் பீறிட்டு, துளையோரத்தை மட்டும் கூடுதலாகக் கறுக்கச் செய்கிறது. நெகடிவில் கரும்பட்டையாக இருப்பது திரையில் வெண்பட்டையாகத் துடிக்கிறது.

வெள்ளவத்தை வாசி:
அருள்வாக்குச் சொன்னவன் நானே. ஆட்டாமல் விட்டால், வெளிச்சம் மிகுதியாகப் பட்ட இடத்திலிருந்து துலக்கத்தின்போது வெளியேறும் புரோமைட் என்னும் உப்பு கீழே வழிந்து, வழிநெடுகத் துலக்கத்தைத் தடுத்து, நெகடிவில் வெளிறிய கோடுகளை விட்டுச்செல்லும் என்பதைத் தாங்கள் வசதியாக மறந்துவிட்டீர்கள். தங்களுடைய பட்டை கமராக் கதவால் ஒளி கசிந்ததன் விளைவு.

கொட்டாஞ்சேனை இருட்டறை:
ஒளி கசிந்திருந்தால் துளைகளுக்கு இடையிலுள்ள, படம் பதியாத விளிம்பும் கறுத்திருக்க வேண்டும். என் சுருளில் அது தெளிவாகவே இருக்கிறது. பட்டை துளையோரத்தில், படத்துக்குள் இருக்கிறது, துளையோரத்தில்!

மருதானை மாணவி:
சீர் என்று நீங்கள் இருவரும் சொல்வது ஒரு சட்டகத்துக்குள்ளா, சட்டகத்துக்குச் சட்டகமா? தனிப் படத்தில் கண்ணுக்குத் தப்பும் வேறுபாடு, செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும்போது மினுக்கமாகத் தெரியுமல்லவா?

வெள்ளவத்தை வாசி:
வண்ணத் திரைப்பட நெகடிவைத் துலக்கும் ஈசிஎன்-2 முறையில் டெவலப்பரைக் கரைசலுக்குள்ளேயே தாரைகளாகச் சுருளின்மீது பீச்சுகிறார்கள். வேகம் கேடென்றால் அந்த ஆய்வுகூடத்தார் அனைவரும் மடையர்களா?

கொட்டாஞ்சேனை இருட்டறை:
அங்கே சுருள் நில்லாமல் ஓடுகிறது. கரைசலும் ஒழுங்கற்றுக் கலங்குகிறது. தங்களுடைய தாங்கியில் சுருள் அசையாமல் கிடக்க, தாங்களோ தவில் வாசிப்பதுபோல் ஒரே கதியில் ஆட்டுகிறீர்கள். தாளந்தான் பட்டையைப் போடுகிறது என்று முதற்பதிவிலேயே எழுதினேன். போகட்டும், கறுப்பு வெள்ளைத் திரைப்பட நெகடிவுக்கான டி-96 டெவலப்பருக்கு 21 பாகை செல்சியஸ் வேண்டுமே, கொழும்புக் குழாய்த் தண்ணீரைத் தாங்கள் எதனால் குளிரவைத்தீர்கள்? சூடான கரைசலில் துலக்கம் விரைந்து முடிவதால், தொடக்கத்தில் நேர்ந்த கோளாறு சமப்பட அவகாசமே கிடைப்பதில்லை.

வெள்ளவத்தை வாசி:
ஈசிஎன்-2 டெவலப்பர் 41.1 பாகையில் 3 நிமிடமே. அங்கே மட்டும் அவகாசம் எங்கிருந்து வந்தது, பேராசிரியர் அவர்களே? வெப்பநிலையைப் பற்றி உபதேசிப்பவர், போன தீபாவளிக்கு என்னிடம் இரவல் வாங்கிய வெப்பமானியை இன்னும் திருப்பித் தரவில்லை.

கொட்டாஞ்சேனை இருட்டறை:
அந்த வெப்பமானி 2 பாகை கூட்டிக் காட்டியது. அதை வைத்து ஆட்டிய சுருளிலும் பட்டை துளையோரத்தில்தான் விழுந்தது. படத்தை இன்றிரவு இங்கேயே ஏற்றுகிறேன்.

வெள்ளவத்தை வாசி:
கமராக் கதவின் படத்தையும் சேர்த்தே ஏற்றுங்கள்.